குழந்தை நோயாளியும் பெற்றோர் மனநிறைவும்

அரிசியை அளக்கப் படி இருக்கிறது. துணியை அளக்கக் கோல் இருக்கிறது. காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. மனநிறைவை அளக்க என்ன இருக்கிறது? நோயுற்ற குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, கட்டிலருகே கண்விழித்துக் கிடக்கும் ஒரு தாய், அங்குள்ள செவிலியரின் பணியைப் பற்றி உள்ளத்தில் என்ன எண்ணுகிறாள் என்பதை எண்ணால் குறித்துவிட முடியுமா? முடியும் என்று பல நாட்டு அறிஞர்கள் முயன்று வந்திருக்கின்றனர். அம்முயற்சி எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு நடைபெறுகிறது, அதில் நாம் ஏமாறக்கூடிய இடங்கள் யாவை என்பவற்றை மாணவர்களாகிய உங்களுக்கு விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இதை அளக்க வேண்டிய தேவை என்ன என்பதை முதலில் காண்போம். வளர்ந்த நோயாளி ஒருவர் தமக்கு நேர்ந்ததைத் தாமே சொல்லிவிடுவார். மருந்து காலந்தாழ்ந்து வந்தது என்றும், ஊசி குத்திய இடம் வீங்கியிருக்கிறது என்றும், கூப்பிட்டபோது ஒருவரும் வரவில்லை என்றும் அவரால் முறையிட இயலும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அழுகை ஒன்றே மொழி. பசியும் வலியும் பயமும் அந்த ஒரே அழுகையில் வெளிப்படும். ஆகவே குழந்தையின் சார்பில் சாட்சி சொல்லத்தக்கவர் பெற்றோரே.

மருத்துவர் நாளைக்கு ஒரு முறையோ இரு முறையோ வந்து செல்கிறார். மற்ற நேரமெல்லாம் குழந்தை செவிலியரின் கையில் இருக்கிறது. எடை பார்த்து அதற்கேற்ப மருந்து கொடுப்பது, நரம்பில் ஏறும் திரவத்தின் சொட்டுகளைக் கணக்கிடுவது, இரவில் எழுப்பிக் காய்ச்சல் பார்ப்பது, கட்டு மாற்றும்போது குழந்தையின் கவனத்தை வேறு பக்கம் திருப்புவது ஆகிய யாவும் அவர் பொறுப்பு. இன்னொன்றும் உண்டு. வீடு திரும்பிய பிறகு குழந்தைக்குச் செவிலியாக இருக்கப் போகிறவள் தாய். மருந்தை எப்படிக் கொடுப்பது, எந்த அறிகுறி தோன்றினால் உடனே திரும்பி வருவது என்பவற்றை அவளுக்குக் கற்பித்து அனுப்புவதும் செவிலியர் பணியே. கற்பித்தது அவளுக்கு விளங்கிற்றா என்பதை அவளையன்றி வேறு யாரிடம் கேட்பது?

இவ்வளவு வெளிப்படையான உண்மையை மருத்துவ உலகம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது. இங்கிலாந்து நாட்டின் வரலாறு இதற்கு நல்ல சான்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் வேண்டாத விருந்தினராகவே நடத்தப்பட்டனர். 1949-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் குழந்தையைக் காணப் பெற்றோருக்கு அனுமதிக்கப்பட்ட நேரம் ஞாயிற்றுக்கிழமைகளில் 2 மணி முதல் 4 மணி வரை மட்டுமே. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் முழுவதும் சந்திப்பே இல்லை. மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே, உறங்கும் குழந்தையை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். தொற்றுநோய் பரவும் என்பது ஒரு காரணம்; பெற்றோர் வந்து போனால் குழந்தை அழும் என்பது மற்றொரு காரணம். பெற்றோர் வராதபோது குழந்தை அமைதியாக இருந்ததை நல்ல அறிகுறி என்றே பலரும் எண்ணினர்.

அந்த அமைதியை ஐயுற்றவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர். லண்டன் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் ஜான் போல்பி என்னும் மனநல மருத்துவருடன் பணியாற்றிய சமூகப் பணியாளர் அவர். தாயைப் பிரிந்த சிறு குழந்தை முதலில் அழுது எதிர்க்கிறது. பின்பு நம்பிக்கை இழந்து சோர்கிறது. இறுதியில் தாயே வந்தாலும் பற்றற்று ஒதுங்குகிறது என்று அவர் கண்டறிந்தார். செவிலியர் ‘அமைதி’ என்று குறித்துவைத்தது சோர்வின் நிலை என்பது அவர் கருத்து. சொன்னவுடன் பலர் நம்பவில்லை. எனவே 1952-இல் ஒரு திரைப்படம் எடுத்து வெளியிட்டார். இரண்டு வயதும் ஐந்து மாதமும் ஆன ஒரு சிறுமி, சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்ததை அப்படம் காட்டுகிறது.

அப்படம் எடுக்கப்பட்ட முறையை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தமக்கு வேண்டிய அழுகைக் காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்ற குற்றச்சாட்டு வரும் என்பதை ராபர்ட்சன் அறிவார். ஆதலின் ஒவ்வொரு நாளும் முன்கூட்டியே வகுத்த நேரங்களில் படம் பிடித்தார். அதற்குச் சாட்சியாக வார்டின் கடிகாரமும் படத்தில் தெரியும்படி செய்தார். அளவை என்பதன் முதற்பாடம் இதுதான். எதை, எப்போது பார்ப்பது என்பதை நம் விருப்பம் தீர்மானித்தல் ஆகாது. அவ்வாண்டு ராயல் மருத்துவச் சங்கத்தில் படம் காட்டப்பட்டபோது கூடியிருந்தோர் பலர் சினங்கொண்டனர். ஆயினும் உண்மை மெல்ல மெல்ல வேலை செய்தது. 1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கத் தடை இருத்தல் கூடாது என்றும், சிறு குழந்தையுடன் தாயும் தங்க வசதி செய்தல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1961-இல் லண்டன் பாட்டர்சி பகுதியைச் சேர்ந்த தாய்மார் ஒரு சங்கம் அமைத்து, அப்பரிந்துரை நடைமுறைக்கு வர உழைத்தனர். அதே காலத்தில் ராபர்ட்சன் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளைப் படித்த பெற்றோர் பலர் தம் அனுபவங்களை அவருக்குக் கடிதமாக எழுதினர். அக்கடிதங்கள் 1962-இல் நூலாக வெளிவந்தன.

கடிதங்கள் உள்ளத்தை அசைக்கும், ஆனால் அளவையாகமாட்டா. பெருந்துயரம் உற்றவரும் பெருமகிழ்ச்சி உற்றவருமே பேனாவை எடுப்பர். நடுவில் நிற்கும் நூற்றுக்கணக்கானோர் என்ன எண்ணினர் என்பது கடிதங்களால் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் குரலும் அவற்றில் ஒலிக்காது. ஆகவே எல்லாரிடமும், அல்லது சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போலப் பாரபட்சமின்றித் தேர்ந்தெடுத்த சிலரிடம், ஒரே வினாக்களை ஒரே முறையில் கேட்க வேண்டும் என்ற நிலை வந்தது.

இதற்கான கருவி ஏற்கெனவே உருவாகியிருந்தது. 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்னும் அமெரிக்க அறிஞர், மக்களின் மனப்பான்மையை அளக்க ஒரு முறை வகுத்தார். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பது முதல் ‘சிறிதும் உடன்படவில்லை’ என்பது வரை ஐந்து படிகளில் ஒன்றைத் தேரச் சொல்லி, அவற்றுக்கு 5 முதல் 1 வரை எண் கொடுத்துக் கூட்டுவதே அம்முறை. 1975-இல் நான்சி ரிசர் என்பவர் செவிலியர் பணியைப் பற்றிய நோயாளிகளின் மனநிறைவை அளக்க 25 வாக்கியங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். தொழில் திறமை, நம்பிக்கை உண்டாக்கும் பழக்கம், விளக்கிச் சொல்லும் பாங்கு என்று செவிலியர் பணியை அவர் மூன்றாகப் பகுத்தார். வளர்ந்த நோயாளிகளுக்கென எழுந்ததாயினும் இப்பகுப்பு பயனுடையது. ஒரு செவிலியர் ஊசி போடுவதில் வல்லவராயிருந்து, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாதவராயும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கேட்டால் எந்தக் குறையைத் திருத்துவது என்று தெரியாது போய்விடும்.

எண்கள் கிடைத்துவிட்டன, இனிக் கவலை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வார்டில் 40 தாய்மாரைக் கேட்டோம். 36 பேர் 5 மதிப்பெண் கொடுத்தனர். 4 பேர் 1 மதிப்பெண் கொடுத்தனர். மொத்தம் 184, சராசரி 4.6. மற்றொரு வார்டிலும் 40 தாய்மார். 24 பேர் 5 மதிப்பெண்ணும் 16 பேர் 4 மதிப்பெண்ணும் கொடுத்தனர். அங்கும் மொத்தம் 184. சராசரி அதே 4.6. இரண்டும் ஒரே தரமான வார்டுகளா? முதல் வார்டில் நான்கு குழந்தைகளுக்கு ஏதோ பெருந்தவறு நேர்ந்திருக்கிறது. சராசரி அதை மூடி மறைத்துவிட்டது. பள்ளித் தேர்விலும் இப்படித்தான். வகுப்பின் சராசரியை மட்டும் பார்க்கிற ஆசிரியர், கடைசி வரிசையில் தவிக்கும் நான்கு மாணவர்களை ஒருநாளும் காணமாட்டார்.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. உலகின் பல இடங்களில் இவ்வாறு கேட்டபோதெல்லாம், பெரும்பாலோர் மிக உயர்ந்த மதிப்பெண்ணையே கொடுத்தனர். மிக எளிய வினாத்தாளில் வகுப்பு முழுவதும் நூற்றுக்கு 95 வாங்கினால், அத்தேர்வு யாரையும் பிரித்துக் காட்டாது அல்லவா? அதே நிலைதான் இங்கும். பெற்றோர் பொய் சொல்லுகின்றனரா? இல்லை. குழந்தை பிழைத்து எழுந்தது என்ற நன்றிப் பெருக்கில் சிறு குறைகள் கரைந்துபோகின்றன. முன்பே எதையும் எதிர்பாராத ஏழைத் தாய், கிடைத்ததே போதும் என்று நிறைவடைகிறாள். குழந்தை இன்னும் அவர்கள் கையில்தானே இருக்கிறது என்ற அச்சமும் சிலருக்கு உண்டு.

இந்த அச்சத்தை எங்கள் குடும்பத்திலேயே கண்டேன். நான்கு வயதுப் பேத்தி ஒரு மருத்துவமனையில் ஐந்து நாட்கள் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, குழந்தையின் கையில் ஊசிக்குழாயை இன்னும் எடுக்கவில்லை. அதை எடுக்க வந்த செவிலியரே கருத்துப் படிவத்தையும் பேனாவையும் என் மகளிடம் நீட்டி, அருகிலேயே நின்றார். மகள் எல்லாக் கட்டங்களிலும் ‘மிக நன்று’ என்று குறியிட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தபின், “அப்பா, ராத்திரி முழுதும் ஏன் பட்டினி போட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டு அழுதுகொண்டே இருந்தாள்” என்றாள். அந்த மருத்துவமனையின் கணக்கில் அவள் முழு மனநிறைவு பெற்ற தாய். பட்டினிக்குத் தக்க காரணம் இருந்திருக்கும். மயக்க மருந்து கொடுக்குமுன் வயிறு காலியாக இருத்தல் அவசியம். அக்காரணத்தை ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம் என்பதை அந்தப் படிவம் மருத்துவமனைக்குத் தெரிவிக்கவில்லை.

இத்தகைய அனுபவங்களிலிருந்து அறிஞர் கற்றுக்கொண்ட பாடமே இப்பேச்சின் மையக் கருத்து. ‘மனநிறைவு உண்டா?’ என்று கேட்பதைவிட, ‘என்ன நடந்தது?’ என்று கேட்பது மேல். முன்னது தீர்ப்பைக் கேட்கிறது. பின்னது சாட்சியத்தைக் கேட்கிறது. நன்றியும் அச்சமும் தீர்ப்பை எளிதில் வளைத்துவிடும். சாட்சியத்தை அவ்வளவு எளிதில் வளைப்பதில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர் உருவாக்கி, 2015-இல் ஆய்வேட்டில் விவரித்த பெற்றோர் வினாப்பட்டியல் இந்நெறியில் அமைந்தது. அதில் 62 வினாக்கள் உள்ளன. செவிலியர் உங்கள் சொல்லை எத்தனை முறை கவனமாகக் கேட்டனர், உங்களுக்கு எளிதில் விளங்கும்படி எத்தனை முறை விளக்கினர், அழைப்பு மணியை அழுத்தியபின் நீங்கள் விரும்பிய வேகத்தில் உதவி வந்ததா என்று அது கேட்கிறது. ‘ஒருபோதும் இல்லை’, ‘சில வேளைகளில்’, ‘பெரும்பாலும்’, ‘எப்போதும்’ என்பவை விடைகள். மதிப்பிடுவோர் ‘எப்போதும்’ என்று விடையளித்தோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்க்கின்றனர். குழந்தைக்கு மருந்து கொடுக்குமுன் கையிலுள்ள அடையாளப் பட்டையைப் பார்த்தோ வேறு வகையிலோ இன்ன குழந்தைதான் என்று உறுதி செய்தனரா என்பதும் அதில் ஒரு வினா. மருந்தின் அளவு சரிதானா என்பது தாய்க்குத் தெரியாது. ஆனால் அடையாளம் பார்த்தார்களா என்பதை அவள் கண்ணால் கண்டிருப்பாள். பெற்றோரால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கின்றனர் பாருங்கள்!

நெதர்லாந்து நாட்டிலும் ஒரு சிறந்த முயற்சி நடந்தது. யோஸ் லாட்டூர் என்னும் ஆய்வாளர், தாமே செவிலியர் பயிற்சி பெற்றவர். அவரும் தோழர்களும் அந்நாட்டின் எட்டுப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில், உயிருக்குப் போராடும் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெற்றோருக்கென 65 வாக்கியங்கள் கொண்ட பட்டியலை உருவாக்கினர். செய்தி தருதல், பராமரிப்பும் சிகிச்சையும், பெற்றோர் பங்கேற்பு, நிர்வாக அமைப்பு, பணியாளரின் நடத்தை என்று ஐந்து பகுதிகள். களைத்துப்போன பெற்றோருக்கு 65 வாக்கியம் பெருஞ்சுமை ஆதலின், 2013-இல் அதனை 30 ஆகச் சுருக்கினர். அளவையின் நேர்மைக்குச் சுருக்கமும் துணை செய்யும். சலிப்புற்றவர் படிக்காமலே குறியிட்டுவிடுவர்.

நல்ல அளவைக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. ஒன்று, நிலைத்த தன்மை: ஒரே அரிசிக் குவியலை ஒரே படியால் இருமுறை அளந்தால் ஒரே கணக்கு வரவேண்டும். மற்றொன்று, பொருந்திய தன்மை: அரிசியை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு உமியை அளந்துவிடக் கூடாது. செவிலியர் பணியை அளக்கப் புகுந்து, கட்டடத்தின் பளபளப்பையும் உணவின் சுவையையும் அளந்துவிட்டுத் திரும்புகிற படிவங்கள் பல. வினா எழுதுவதிலும் விழிப்பு வேண்டும். ‘செவிலியர் அன்பாகவும் விரைவாகவும் பணி செய்தாரா?’ என்று கேட்டால், அன்பாக ஆனால் தாமதமாக வந்தவரைப் பற்றித் தாய் என்ன விடை சொல்வாள்? ஒரு வினாவில் ஒரு பொருள்தான் இருத்தல் வேண்டும்.

பிற நாட்டுப் பட்டியலை அப்படியே தமிழாக்கினால் போதுமா? போதாது. நம் மருத்துவமனைகள் பலவற்றில் குழந்தையோடு தாய் தங்குகிறாள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறாள். பாலும் கஞ்சியும் அவளே கொடுக்கிறாள். இங்கிலாந்துத் தாய்மார் போராடிப் பெற்ற உரிமை நம் தாய்மாருக்கு வழக்கமாகவே அமைந்துவிட்டது. ஆனால் அருகில் இருக்க விடுவது வேறு, விவரம் சொல்லி வைத்திருப்பது வேறு. அழைப்பு மணியே இல்லாத வார்டில் மணியைப் பற்றிக் கேட்பது வீண். ‘செவிலியரை அழைக்க நீங்கள் குழந்தையைத் தனியே விட்டுச் செல்ல நேர்ந்ததா?’ என்று கேட்டால் பொருள் உண்டு.

நம் மொழி வழக்கையும் நோக்குங்கள். “எப்படிக் கவனித்துக்கொண்டார்கள்?” என்று கேட்டால் நம் ஊர்த் தாய், “பரவாயில்லை” என்பாள். அது பாராட்டா, பொறுத்துக்கொண்டதா? குரலைக் கேட்டால் தெரியும், தாளில் தெரியாது. அதே தாயிடம், “வீட்டில் எந்த அறிகுறி கண்டால் உடனே வரச் சொன்னார்கள்?” என்று கேளுங்கள். சரியான விடை வந்தால் கற்பித்தது நடந்திருக்கிறது; அவள் விழித்தால் நடக்கவில்லை. எழுத்தறியாதவரிடம் வாய்மொழியாகக் கேட்கலாம். கேட்பவர் அந்த வார்டின் பணியாளராக இருத்தல் கூடாது. கேட்கும் நேரம், குழந்தை வீடு திரும்பிச் சில நாட்கள் ஆனபின் இருத்தல் நன்று.

அளந்து பெற்ற எண்ணை என்ன செய்வது என்பது இறுதிக் கேள்வி. செவிலியரைத் தண்டிக்க அதைப் பயன்படுத்தினால், அவர்கள் பெற்றோரிடம் மதிப்பெண் கேட்டு நிற்கும் நிலை வரும். அளவை அன்றே கெட்டுவிடும். ‘கூப்பிட்டும் வரத் தாமதம்’ என்று பல தாய்மார் சொன்னால், முதலில் எண்ண வேண்டியது அந்த இரவில் எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை செவிலியர் இருந்தனர் என்பதை. ஒருவரே ஓடி ஓடி ஐம்பது கட்டில்களைக் கவனித்திருந்தால், அக்குறை அவருடையது அன்று. ஆள் அமர்த்தாத நிர்வாகத்துடையது. பெற்றோரின் சாட்சியம் நேர்மையாகப் பதிவாகுமாயின், அது செவிலியருக்கு எதிரியாகாது. அவருக்காகப் பேசும் வழக்கறிஞராகவும் ஆகும்.

குழந்தைகளையே கேட்கலாகாதா என்று உங்களுள் ஒருவர் எண்ணக்கூடும். கேட்கலாம். இங்கிலாந்தில் 2014-இல் நாடு தழுவி நடந்த கணக்கெடுப்பில், 8 வயது முதல் 15 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியருக்கெனத் தனி வினாக்கள் இருந்தன. அதற்குக் கீழ்ப்பட்டவருக்காகப் பெற்றோர் விடையளித்தனர். ஒருகாலத்தில் ஞாயிறன்று இரண்டு மணி நேரம் மட்டுமே பெற்றோரை உள்ளே விட்ட நாடு, இன்று குழந்தையின் வாய்மொழியையே கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறது.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் வருவீர்கள். சிலர் புள்ளிவிவரம் தொகுப்போராகவும், சிலர் பெற்றோராகவும் அந்த வார்டில் நிற்பீர்கள். இப்போதே ஒரு பயிற்சி செய்து பாருங்கள். உங்கள் விடுதி உணவைப் பற்றியோ பள்ளி நூலகத்தைப் பற்றியோ ஐந்து வினாக்கள் எழுதுங்கள். ‘திருப்தியா?’ என்ற சொல்லை அவற்றில் சேர்க்காதீர்கள். என்ன நடந்தது, எத்தனை முறை நடந்தது என்று மட்டும் கேளுங்கள். பெயர் எழுதாமல் விடை வாங்குங்கள். சராசரியோடு நில்லாமல், மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்த விடைத்தாள்களை முதலில் எடுத்துப் படியுங்கள். ஒரு மருத்துவமனை செய்ய வேண்டிய வேலையும் இதுவே.